மூலத்திலிருந்து நோயாளி வரை: வாட்டுக் கருவிகளைப் பிழையில்லாமல் கையாள ஒரு வழிகாட்டி

வாட்டில் "மெஷின் வேலை செய்யுதில்லை" என்ற சத்தம் கேட்டால், பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். சிலிண்டருக்கும் ரெகுலேற்றருக்கும் நடுவில் உள்ள வாஷர் தேய்ந்திருக்கும். தண்ணீர்ப் போத்தலின் மூடி புரி மாறி ஏறியிருக்கும். சளி உறிஞ்சும் சக்கர் போத்தலின் ரப்பர் வளையம் மடிந்திருக்கும். இல்லாவிட்டால் கட்டில் கால் ரியூப்பின் மேல் ஏறி நிற்கும். பிழை இருக்குமிடம் பொருத்துகள்.

ஆகவே எந்தக் கருவியையும் ஒரு கோடாகப் பாருங்கள். ஒரு முனையில் மூலம்: சிலிண்டர், சேலைன் போத்தல், சுவரிலுள்ள பிளக். மறுமுனையில் நோயாளி. இடையில் அழுத்தத்தைக் குறைப்பது ஒன்று (ஒட்சிசனில் ரெகுலேற்றர்), அளப்பது ஒன்று (ஃப்ளோமீற்றர்), கொண்டுபோவது ஒன்று (ரியூப்). சந்தேகம் வந்தால் மூலத்தில் கையை வைத்து, ஒவ்வொரு பொருத்தையும் தொட்டுத் தொட்டு நோயாளி வரை வாருங்கள். அரை நிமிட வேலை. ஆனால் அதற்கு முன்னால் நோயாளியின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவர் மூச்செடுக்கத் திணறினால் முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும், ரியூப்பை ஆராய்வது பிறகு.

கீழே உள்ளவை பயிற்சித் தாதியருக்கும், புதிதாக வாட்டுக்கு வந்த சிற்றூழியருக்கும், வீட்டில் ஒட்சிசனோடு ஒருவரை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் பொதுவானவை. எத்தனை லீற்றர், எத்தனை துளி என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். தீர்மானித்த அளவு நோயாளிக்குச் சரியாகப் போய்ச் சேருகிறதா என்பது நம் பாடு.

ஒட்சிசன் சிலிண்டர்

நிரப்பிய மருத்துவ ஒட்சிசன் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 137 பார் அழுத்தம் இருக்கும். சில வகைகளில் 150 பார். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்த ஒப்பீடு மனதில் நின்றால் சிலிண்டரைத் தரையில் உருட்டிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. வால்வு உடைந்த சிலிண்டர் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும். நிற்கும்போது சங்கிலியாலோ பட்டியாலோ கட்டி வையுங்கள். நகர்த்துவது தள்ளுவண்டியில்.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஒட்சிசனுக்குத் தோள்பகுதி வெள்ளை, நைட்ரஸ் ஒக்சைட்டுக்கு நீலம், காபனீரொட்சைட்டுக்குச் சாம்பல். ஆனால் பெயின்ற் உரிந்த சிலிண்டர்களும் உலாவுகின்றன. கழுத்திலுள்ள எழுத்தையும் லேபிளையும் வாசித்த பிறகே கை வைக்க வேண்டும்.

சின்னச் சிலிண்டரில் ரெகுலேற்றர் ஒரு கவ்விபோல வந்து உட்காரும். கவ்வியின் உள்பக்கம் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும், வால்வின் முகத்தில் அதற்கேற்ற இரண்டு துளைகள் இருக்கும். ஒட்சிசனுக்கு அந்தத் துளைகளின் இடம் வேறு, நைட்ரஸ் ஒக்சைட்டுக்கு வேறு. மாறிப் பொருத்தக் கூடாதென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள். பொருந்தவில்லை என்று ஊசியை வளைப்பதோ, இரண்டு வாஷர் போட்டு ஏமாற்றுவதோ கொலைக்குச் சமம். பெரிய சிலிண்டரில் ரெகுலேற்றரை நட்டால் முறுக்கிப் பூட்டுவோம். இரண்டுக்கும் ஒழுங்கு ஒன்றே:

1. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், கைக்குப் பூசிய கிறீம், வசிலின் எதுவும் விரலில் இருக்கக்கூடாது.
2. வால்வின் மூடியைக் கழற்றி, வாயைப் பாருங்கள். தூசியோ பூச்சிக்கூடோ இருக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் மணல் வராத இடமில்லை.
3. பக்கவாட்டில் நின்று, வால்வை ஒரு நொடி மட்டும் சற்றே திறந்து மூடுங்கள். "புஸ்" என்ற சத்தத்தோடு தூசி பறந்துவிடும். முகத்துக்கு நேரே வாய் இருக்கக்கூடாது.
4. வாஷரைப் பாருங்கள். வெடிப்பு, தட்டையாகிப் போன விளிம்பு இருந்தால் மாற்றுங்கள். ரெகுலேற்றரைப் பொருத்திக் கையால் இறுக்குங்கள். நட் வகையென்றால் ஸ்பேனரால் சற்று. மூச்சைப் பிடித்து முறுக்கினால் ஒழுக்கு நிற்காது, வாஷர்தான் நசியும்.
5. ஃப்ளோமீற்றர் மூடியிருப்பதை உறுதிசெய்து, வால்வை இடப்பக்கமாக மெல்லத் திறவுங்கள். மானியின் முள் மெதுவாக ஏற வேண்டும்.
6. இப்போது வால்வை மூடி, முள்ளைச் சில நிமிடம் கவனியுங்கள். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காவிட்டால் திரும்பத் திறந்து பாவியுங்கள்.

ஐந்தாவதில் "மெல்ல" என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு. 137 பாரில் இருக்கும் வாயு ஒரே அடியாக ரெகுலேற்றரின் சின்ன அறைக்குள் பாய்ந்தால், அங்கிருந்த வாயு நசுங்கிக் கணப்பொழுதில் கடுஞ்சூடாகும். சைக்கிள் பம்பின் அடி சுடுகிறதே, அதே கதை, பல மடங்கு பெரிதாக. அந்தச் சூட்டில் ஒரு துளி எண்ணெயோ கிறீஸோ தானாகவே பற்றிக்கொள்ளும், சுற்றியிருப்பது தனி ஒட்சிசன் என்பதால் உலோகமும் சேர்ந்து எரியும். இறுகிய வால்வுக்கு எண்ணெய் விடுவது கதவுக்கீலுக்குச் சரி. இங்கே விடவே கூடாது.

எவ்வளவு நேரத்துக்குக் காணும்?

இந்தக் கணக்குத் தெரியாமல் எவரும் நோயாளியோடு அம்புலன்ஸில் ஏறக்கூடாது. சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை மானி காட்டும் பார் அளவால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஒட்சிசன் லீற்றரில் வரும். நீர்க்கொள்ளளவு சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும். மானி பிஎஸ்ஐயில் இருந்தால் 14.5 ஆல் வகுத்துப் பாராக்கிக்கொள்ளுங்கள்.

"ஈ" அளவுச் சிலிண்டர் 4.7 லீற்றர் கொள்ளும். நிறைந்திருந்தால் 4.7 × 137, ஏறத்தாழ 640 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் போனால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வாட்டின் மூலையில் நிற்கும் 47 லீற்றர் பெரியவரில் 100 பார் மிச்சமிருந்தால் 4,700 லீற்றர். நிமிடத்துக்கு 5 என்றால் பதினைந்தரை மணித்தியாலம் ஓடும்.

இப்போது திருக்கோவிலிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒருவரை 10 லீற்றரில் அனுப்புகிறோம், ஓட்டம் 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ரயர் காற்றுப் போகலாம், வழியில் வெள்ளம் மறிக்கலாம், போன இடத்தில் கட்டில் கிடைக்கத் தாமதமாகலாம். பாதி நேரம் கூட்டி 135 நிமிடமாக எடுப்போம். தேவை 1,350 லீற்றர். "ஈ" இரண்டு கொண்டுபோனால் 1,280 தான். மூன்று வேண்டும். இரண்டு போதுமென்று மனக்கணக்குப் போடுகிறவர் கடைசி ஏழு நிமிடத்தை மறந்துவிடுகிறார். ரெகுலேற்றர் மாற்ற ஸ்பேனரும், உதிரி வாஷரும் கூடவே போக வேண்டும், சிலிண்டர் மட்டும் போய்ப் பயனில்லை.

ஃப்ளோமீற்றரும் தண்ணீர்ப் போத்தலும்

கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு மிதக்கும். வாசிப்பது குண்டின் நடுவை. குண்டுக்குப் பதில் பம்பரம்போல ஒன்று சுழன்றால் அதன் மேல்விளிம்பை. மீற்றர் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிந்தால் குண்டு சுவரில் உரசிப் பொய் சொல்லும். சிலிண்டரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது இந்த வகை மீற்றரை நம்ப ஏலாது.

ஒட்சிசனை ஈரமாக்கும் தண்ணீர்ப் போத்தலுக்குக் காய்ச்சி வடித்த நீர், இரண்டு கோடுகளுக்கும் இடையில். மேற்கோட்டைத் தாண்டினால் தண்ணீர் ரியூப்புக்குள் ஏறி நோயாளியின் மூக்கில் தெறிக்கும். குறைந்த நீரின் மேல் புதிதை ஊற்றி நிரப்பாதீர்கள். நாளுக்கொரு தடவை முழுவதையும் ஊற்றி, கழுவி, காயவைத்து, புதிதாக விடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தேங்கிய நீரில் கிருமி வளர ஒரு இரவு போதும். மூக்கு ரியூப்பில் 4 லீற்றருக்குக் கீழே பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது போத்தலே தேவையில்லை, மூக்கு தானே ஈரமாக்கிக்கொள்ளும். காலியான போத்தலைப் பூட்டி வைப்பதைவிட அதைக் கழற்றிவிடுவது நல்லது, ஒழுகக்கூடிய பொருத்தொன்று குறையும்.

குண்டு மிதக்கிறது, போத்தலில் குமிழி இல்லை: இதுதான் வாட்டில் அடிக்கடி காணும் பிழை. ஒட்சிசன் மூடியின் இடுக்கால் வெளியே போகிறது. போத்தலைக் கழற்றி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து, புரியைப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி "டிக்" என்று விழுந்ததும் முன்பக்கம் பூட்டுங்கள். பிறகு ரியூப்பை விரலால் மடித்துப் பிடியுங்கள். பாதுகாப்பு வால்வு உள்ள போத்தல் விசிலடிக்கும். விசில் வந்தால் கோடு முழுதும் இறுக்கம். வராவிட்டால் திரும்பத் தேடுங்கள்.

முனையில் என்ன மாட்டுவது என்பதைப் பொறுத்து ஓட்டம் மாறும். மூக்கு ரியூப்புக்கு 1 முதல் 4 லீற்றர் வசதி, 6 வரை போகலாம், அதற்கு மேல் மூக்கு காய்ந்து எரியும். சாதாரண முகமாஸ்க்கை 5 லீற்றருக்குக் குறைத்து ஒருபோதும் வைக்கக்கூடாது. குறைத்தால் மாஸ்க்குக்குள் தங்கிய காபனீரொட்சைட்டையே நோயாளி திரும்ப இழுப்பார். "கொஞ்சமாக வைப்போம்" என்று இரக்கப்பட்டு மாஸ்க்கில் 2 லீற்றர் வைப்பது உதவியல்ல, தலையில் பையைக் கட்டிவிட்ட மாதிரி. பையோடு வரும் மாஸ்க்குக்கு 10 முதல் 15. முதலில் உள்வால்வை விரலால் அழுத்திப் பையை நிரப்பிக்கொண்டு பிறகு முகத்தில் வையுங்கள். மூச்சிழுக்கும்போது பை முழுதாகச் சப்பினால் ஓட்டம் காணாது. வென்ச்சுரி மாஸ்க்கில் நிறக்கட்டையிலேயே வீதமும் லீற்றரும் அச்சிட்டிருக்கும். நீலத்துக்கு 24 வீதம், 2 லீற்றர் என்பது பரவலான முறை. என்றாலும் கட்டையில் உள்ளதை வாசியுங்கள், மனப்பாடத்தை நம்பாதீர்கள்.

நீண்டகாலச் சுவாசநோய், முக்கியமாகப் பல வருடம் சுருட்டும் பீடியும் இழுத்த நெஞ்சு, எல்லோரையும் போல இரத்த ஒட்சிசனை 98 வீதத்துக்கு ஏற்ற வேண்டியதல்ல. அவர்களுக்கு இலக்கு பொதுவாக 88 முதல் 92. மற்றவர்களுக்கு 94 முதல் 98. கூட்டிவைத்தால் அவர் உடம்பில் காபனீரொட்சைட் தேங்கி, தூக்கம் பிடித்து, மூச்சு மெதுவாகி மயங்கிவிடலாம். பார்க்க வந்த உறவினர் "ஐயாவுக்குக் கூட்டிவிடுவோம்" என்று குமிழைத் திருகுவது இதனால்தான் ஆபத்து.

வீட்டில் கொன்சென்ற்றேற்றர்

இது ஒட்சிசனைச் சேமித்து வைப்பதில்லை. அறைக்காற்றை இழுத்து, சியோலைற் என்ற மணிகள் நிரம்பிய உருளைக்குள் அழுத்துகிறது. மணிகள் நைதரசனைப் பிடித்துக்கொள்ள, ஒட்சிசன் தப்பி வெளியே வருகிறது. உருளைகள் இரண்டு. ஒன்று பிடிக்கும்போது மற்றது அழுத்தத்தை விட்டு நைதரசனைக் கக்கும். சில நொடிக்கொருமுறை வரும் "புஸ்" சத்தம் அதுதான், பழுதல்ல. வரும் வாயுவில் ஒட்சிசன் 93 வீதமளவில் இருக்கும். போட்டவுடன் அந்த அளவு வராது, ஐந்து நிமிடமாவது ஓடவிட்ட பின் மாட்டுங்கள்.

சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். பின்பக்கத்து ஸ்பொஞ்ச் வடிகட்டியைக் கிழமைக்கொருமுறை கழுவி, பிழிந்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். கடற்கரையோரத்து வீடுகளில் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். காற்று அடைபட்டால் மெஷின் சூடாகி, ஒட்சிசன் வீதம் இறங்கி, மஞ்சள் விளக்கு எரியும்.

வீட்டில் உண்மையான பயம் நெருப்பு. ஒட்சிசன் தானாக எரியாது, எரிகிறதை வெறிகொள்ளவைக்கும். மணிக்கணக்கில் ஓடினால் போர்வை, தலையணை, தாடி, சட்டை எல்லாவற்றிலும் அது ஊறிவிடும். சாமியறை விளக்கு, சாம்பிராணி, நுளம்புத்திரி, அடுப்பு, சுருட்டு எல்லாம் குறைந்தது 3 மீற்றர் அப்பால். மெஷினை நிறுத்தியவுடன் சிகரெட் பற்றவைப்பதும் கூடாது, சட்டையில் ஊறியது போகச் சற்று நேரம் எடுக்கும். மூக்கு காய்ந்தால் வசிலின் வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போனால் இந்த மெஷின் வெறும் பெட்டி. பக்கத்தில் ரெகுலேற்றர் பூட்டிய சிலிண்டர் ஒன்று தயாராக நிற்காவிட்டால் வீட்டில் கொன்சென்ற்றேற்றர் வைப்பதில் அர்த்தமில்லை. 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் மட்டக்களப்பாருக்குக் கரண்ட் எத்தனை நாள் வராமலிருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூச்சு மோசமானால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர்

கவ்வியின் ஒரு பக்கம் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி மின்னும். ஒட்சிசன் ஏறிய இரத்தம் அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும், ஏறாத இரத்தம் சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். துடிப்போடு கூடிக் குறையும் பங்கை மட்டும் பிரித்தெடுத்து மெஷின் வீதம் சொல்கிறது. ஆகவே துடிப்புக் கிடைக்காவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை.

நகம் மேலே வரும்படி விரலை உள்ளே முழுதாகச் செலுத்தி, கை அசையாமல் அரை நிமிடம் விடுங்கள். அதற்குள் மணிக்கட்டில் நாடியை எண்ணுங்கள். உங்கள் எண்ணும் கருவியின் துடிப்பு எண்ணும் ஒத்திருந்தால் மட்டும் ஒட்சிசன் வீதத்தை எழுதுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சை அழியுங்கள். பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ வைத்த மருதாணி அழியாது, ஆகையால் மருதாணி இல்லாத விரலோ காதுமடலோ தேடுங்கள். பிரஷர் பட்டி கட்டிய கையில் மாட்டினால் பட்டி ஊதும் ஒவ்வொரு முறையும் அலாரம் அடிக்கும், அது நோய் அல்ல.

கருவி சரியாக இருந்தும் தவறாகச் சொல்லும் இடங்கள் உண்டு. அடைத்த அறையில் ஜெனரேற்றர் புகையோ கரிப்புகையோ இழுத்தவரின் இரத்தத்தில் காபனோரொட்சைட் ஏறியிருக்கும். ஒக்சிமீற்றர் அதையும் ஒட்சிசன் என்று நினைத்து 98 காட்டும். ஒருகாலத்தில் நம் வயல்களில் களைக்கு அடித்த புரொப்பனில் போன்ற நஞ்சு இரத்தத்தை மண்ணிறமாக மாற்றும். அப்போது எண் 85 ஐச் சுற்றி நின்று, எவ்வளவு ஒட்சிசன் வைத்தாலும் ஏறாது. இரத்தசோகை உள்ளவருக்கு 99 காட்டலாம், ஏற்றிச்செல்லும் லொறி நிறைந்திருக்கிறது, ஆனால் லொறிகளே குறைவு. கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதும் தெரிந்த குறைபாடு. உதடு நீலம், எண் நல்லது என்றால் உதட்டை நம்புங்கள்.

நெபுலைசர்

சின்னத் துளையால் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் இறங்கி, கிண்ணத்து மருந்து மேலே உறிஞ்சப்பட்டு, தடுப்பில் மோதித் தூளாகிறது. 1 முதல் 5 மைக்ரோன் துளிகள்தான் நெஞ்சின் ஆழத்துக்குப் போகும், பெரியவை தொண்டையில் ஒட்டும். அதற்கு 6 முதல் 8 லீற்றர் ஓட்டம் வேண்டும். 4 லீற்றரில் ஓடவிட்டால் புகை தெரியும், மருந்து போகாது. கிண்ணத்தில் மொத்தம் 4 முதல் 5 மில்லிலீற்றர் இருக்க, தேவையான மிச்சத்துக்கு நோர்மல் சேலைன் சேர்ப்போம், பைப் தண்ணீர் அல்ல. ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் எப்படியும் அடியில் தங்கும். ஆகவே 2 மில்லிலீற்றரை மட்டும் விட்டால் பாதி வீண்.

நிமிர்ந்து இருக்கவைத்து, மாஸ்க்கை இடைவெளியின்றி வையுங்கள். அழும் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் தூரத்தில் பிடிப்பதால் புகை அம்மாவின் சேலைக்குத்தான் போகும். புகை தடுமாறத் தொடங்கினால் கிண்ணத்தை விரலால் தட்டுங்கள், சுவரில் ஒட்டியவை இறங்கும். பத்து நிமிடமளவில் முடியும். வீட்டுக் கொன்சென்ற்றேற்றரின் வாயில் நெபுலைசரை மாட்ட வேண்டாம், அதன் அழுத்தம் பொதுவாகக் காணாது. முடிந்ததும் கிண்ணத்தைப் பிரித்துக் கழுவிக் காயவிடுங்கள். ரியூப்பைக் கழுவாதீர்கள், உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

சக்கர் மெஷின்

தொண்டையிலுள்ள சளியை உறிஞ்சுவது. பாவிக்கும் நேரத்தில் பழுதென்று தெரிந்தால் மிகவும் பிந்திவிடும், ஆகவே ஒவ்வொரு முறைமாற்றத்திலும் பாருங்கள்: சுவிட்சைப் போட்டு, ரியூப்பின் முனையைக் கட்டைவிரலால் அடையுங்கள். முள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் முதல் குற்றவாளி போத்தல் மூடியின் ரப்பர் வளையம், இரண்டாவது இரண்டு ரியூப்களும் இடம் மாறி மாட்டியிருப்பது, மூன்றாவது நனைந்துபோன வடிகட்டி. நனைந்த வடிகட்டி காயவைத்தாலும் திருந்தாது, மாற்றுங்கள்.

பெரியவர்களுக்கு 100 முதல் 150 மில்லிமீற்றர் இரச அழுத்தம், பிறந்த குழந்தைக்கு 60 முதல் 80. மானி கிலோபஸ்கலில் இருந்தால் 1 கிலோபஸ்கல் என்பது 7.5 மில்லிமீற்றர். ரியூப்பை உள்ளே விடும்போது உறிஞ்சக்கூடாது. வெளியே எடுக்கும்போது மட்டும், 10 முதல் 15 நொடிக்குள். உங்கள் மூச்சையும் அதே நேரம் பிடித்துக்கொண்டால் கணக்குத் தப்பாது. போத்தல் முக்கால் நிறையுமுன் காலியாக்குங்கள், நிறைந்தால் அழுக்கு மோட்டருக்குள் போகும்.

சேலைன்

துளி அறையைப் பாதிக்கு நிரப்புங்கள். நிறைந்தால் எண்ண ஏலாது, வெறுமையானால் காற்றுப் போகும். பெட்டியில் "20 துளி = 1 மில்லிலீற்றர்" என்றிருக்கும். சிலதில் 15. சிறுவருக்கான புரெற் செற்றில் 60. கணக்கு: மில்லிலீற்றரைத் துளி எண்ணால் பெருக்கி நிமிடத்தால் வகுங்கள். 1,000 மில்லிலீற்றர் 8 மணித்தியாலத்தில் போக 1,000 × 20 ÷ 480, நிமிடத்துக்கு 42 துளி. 60 துளிச் செற்றில் கணக்கே வேண்டாம், மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றரோ நிமிடத்துக்கு அத்தனை துளி.

முழு நிமிடம் எண்ணுங்கள். கால் மணித்தியாலத்தின் பின் திரும்ப எண்ணுங்கள், ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லு இறுக்கிய ரியூப் தளர்ந்து ஓட்டம் மாறும். கையை மடித்தால், கட்டிலை உயர்த்தினால், போத்தலை இறக்கினால் எல்லாம் மாறும். ஓடாதபோது ஊசி இடத்தை முதலில் பாருங்கள். வீங்கி, குளிர்ந்து, வலித்தால் சேலைன் நரம்புக்கு வெளியே போகிறது. நிறுத்திக் கழற்றச் சொல்ல வேண்டும், அழுத்தித் தள்ளக்கூடாது.

டெங்குக் கட்டிலில் இந்தச் சில்லின் விலை அதிகம். இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் 24 முதல் 48 மணித்தியாலத்தில் குறைந்தால் அதிர்ச்சி, கூடினால் நெஞ்சுக்குள் நீர். அதனால்தான் மணிக்கணக்கில் அளவு எழுதுகிறார்கள். "மெதுவாப் போகுது மிஸ்ஸி" என்று சொல்லுங்கள், சில்லை நீங்களே தள்ளாதீர்கள்.

சிரிஞ்சின் தண்டை மெல்லத் தள்ளி மருந்து செலுத்தும் சிரிஞ் பம்பில் மூன்று இடத்தில் தடுக்குவோம். ஒன்று, திரையில் தெரியும் சிரிஞ்சின் வகையும் அளவும் உண்மையில் பூட்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும். பம்ப் அளப்பது தண்டு நகரும் தூரத்தை. உள்விட்டம் மாறினால் போகும் மருந்தும் மாறும். இரண்டு, நோயாளியோடு இணைக்கும் முன் முனையில் ஒரு துளி வரும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி நிரம்பவே பல நிமிடம் போய்விடும். தண்டு பிடிக்குள் சரியாகப் பூட்டாமல் பம்ப் நோயாளியைவிட உயரத்தில் நின்றால் மருந்து தானாக வடிந்துவிடும். மூன்று, அடைப்பு அலாரம். ரியூப் மடிப்பை உடனே நீக்கினால் உள்ளே தேங்கிய அழுத்தம் முழுவதும் ஒரே அடியாக நரம்புக்குள் போகும். முதலில் நோயாளிப் பக்கக் கவ்வியை மூடி, தண்டின் பிடியைத் தளர்த்தி அழுத்தத்தை விட்டு, பிறகு மடிப்பைச் சரிசெய்து, பூட்டித் திறவுங்கள். வீதத்தை அழுத்தும்போது தசமப் புள்ளியை இன்னொருவர் பார்க்கட்டும். 1.0 உம் 10 உம் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்.

பிரஷர், மொனிற்றர்

பிரஷருக்கு ஐந்து நிமிட ஓய்வு, முதுகுக்குச் சாய்வு, பேச்சில்லை, கை நெஞ்சு மட்டத்தில். கை 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் 7 அல்லது 8 கூடக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினாலும் கூடக் காட்டும். ஊதுபை கைச்சுற்றில் 80 வீதத்தைச் சுற்ற வேண்டும். முள் வகையில் காற்றில்லாதபோது முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால் அன்றே பழுதுபார்க்க அனுப்புங்கள்.

மொனிற்றர் வயர்: சிவப்பு வலத்தோள், மஞ்சள் இடத்தோள், பச்சை இட விலா, கறுப்பு வல விலா. அமெரிக்க நிற வயர்களில் வெள்ளைதான் வலத்தோள், ஆகவே வயரில் உள்ள எழுத்தையும் வாசியுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கோடு நேராகிவிட்டால் நோயாளியைத் தட்டிக் கூப்பிடுங்கள், நாடி பாருங்கள். பேசினால் வயர் கழன்றிருக்கிறது. பேசாவிட்டால் வயரை மறந்துவிடுங்கள், உதவிக்குக் கத்துங்கள்.

கரண்டும் உப்புக்காற்றும்

வாவியும் கடலும் சூழ்ந்த இடத்தில் பிளக் பின்கள் பச்சை பிடிக்கும், பற்றரி முனைகள் வெள்ளைத் தூள் பூக்கும். சூடாகும் பிளக், சத்தமிடும் சொக்கற், உரிந்த வயர் மூன்றையும் டேப் சுற்றி மறைக்க வேண்டாம். "பழுது" என்று சீட்டு ஒட்டி ஒதுக்கி வையுங்கள். நோயாளிக்கு மாட்டும் கருவியை மூன்று பின் பிளக்கால் நேரே சுவரில் செருகுங்கள். எர்த் பின்னை முறித்து இரண்டு பின்னாக்கிய கருவி, கசியும் மின்சாரத்தை நோயாளி வழியாக அனுப்பும். மாரி வெள்ளத்துக்கு முன்னரே எக்ஸ்ரென்ஷன் பெட்டிகளைத் தரையிலிருந்து கட்டில் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள்.

பற்றரி உள்ள பம்ப், மொனிற்றர், இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் மெஷின் எல்லாம் அலுமாரியில் இருந்தாலும் சார்ஜில் இருக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேற்றர் பிடித்த பிறகு "வந்துவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். கட்டில் கட்டிலாகப் போய்ப் பாருங்கள்: பம்பின் வீதம் முன்பிருந்ததுதானா, அலாரம் எல்லைகள் மாறியிருக்கின்றனவா, கொன்சென்ற்றேற்றர் திரும்பத் தானாக ஓடுகிறதா, இல்லை யாராவது சுவிட்சைப் போட வேண்டுமா. சில மெஷின்கள் கரண்ட் வந்ததும் விளக்கை மட்டும் எரியவிட்டு, ஓடாமல் நிற்கும்.